பாட்டி பேர்ல இன்னொரு அக்கவுண்ட்

விளம்பர அக்கவுண்ட்டை கூகுள்காரன் மூடிட்டானா? நல்லதாப் போச்சு பேராண்டி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்காதே. பாட்டி பேர்ல இன்னொண்ணு தொற. அதே லேப்டாப், அதே வைஃபை, அதே கார்டு, அதே வெப்சைட். பேரு மட்டும் பாட்டி. கலிஃபோர்னியாவுல உக்காந்துகினு கீறவன் பாப்பான். ராபர்ட்சன்பேட்டைல 78 வயசுக் கெழவிக்குத் திடீர்னு வாட்டர் ஃபில்டர் விக்கிற ஆசை வந்துடுச்சு, பாவம் பொழைச்சுப் போவட்டும்னு வுட்டுடுவான். அதையும் மூடினா பெரியப்பா கீறாரு. காலமாயி நாலு வருஷம் ஆனா இன்னா? ஆதார் கார்டு பீரோவுல பத்திரமாத்தான் கீது.

இன்னாடா சிரிக்கிற? நேத்து ராத்திரி திண்ணையில உக்காந்துகினு உன் சேக்காளிகிட்ட போன்ல பேசினியே, அதைத்தான் திருப்பிச் சொல்றேன். தாத்தாவுக்குக் காது மந்தம்னு நெனச்சியா? தங்கச் சுரங்கத்துக்குள்ள ட்ரில் மிஷின் புடிச்சவங்களுக்குத்தான் காது போச்சு. நான் மேல, டைம் ஆபீஸ்ல உக்காந்து மஸ்டர் ரோல் எழுதினவன். கம்பெனி இங்கிலீஷ்ல ஒட்டுற நோட்டீசை லைன் ஜனங்களுக்குப் படிச்சு அர்த்தம் சொன்னவன். சின்ன எழுத்துன்னா எனக்கு அல்வா. நீ தூங்கினப்புறம் உன் லேப்டாப்புல அந்த விதிமுறை பூராவும் படிச்சேன். நீ படிச்சியா? 'ஒத்துக்கிறேன்'னு கட்டத்துல டிக் அடிச்சதோட சரி.

அதுல 'சர்கம்வென்டிங் சிஸ்டம்ஸ்'னு ஒரு விதி கீது. மூடின கதவை ஏய்ச்சு வேற பேர்ல உள்ளே வர்றது. கூகுளோட விதிகள்ல ரொம்பக் கடுமையான கூட்டத்துல ஒண்ணு அது. வேற சில குத்தத்துக்கு 2021 செப்டம்பர்லேர்ந்து மூணு ஸ்ட்ரைக் கணக்கு வச்சிருக்கான். முதல்ல எச்சரிக்கை, அப்புறம் 3 நாள் நிறுத்தம், அப்புறம் 7 நாள், மூணாவது ஸ்ட்ரைக்லதான் மூடுவான். ஏய்ப்புக்கு அந்த மரியாதை கிடையாது. கண்டுபுடிச்ச அன்னைக்கே மூடுவான், முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், அதோட சம்பந்தப்பட்ட மத்த அக்கவுண்ட்டையும் சேத்து மூடுவான். உங்கூட சேந்து பாட்டியும் கறுப்புப் பட்டியல்ல ஏறுவா. இந்த வயசுல அவளுக்கு அந்தப் பேரு தேவையா?

சரி, மொதல்ல ஒண்ணு கேக்கிறேன். தடை போட்டது யாரு? கூகுளா, கடைக்காரனா? முழிக்கிற பாத்தியா. உனக்கு வந்தது ரெண்டு மெயில். ஒண்ணு கடையிலேர்ந்து, 'எங்க பேரை வச்சு விளம்பரம் போட்டிருக்கே, இந்த மாசக் கமிஷன் கிடையாது'ன்னு. இன்னொண்ணு பத்து நாள் கழிச்சு கூகுள்லேர்ந்து. நீ ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பி, கூகுள் சதி பண்றான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியற. சீக்கு ரெண்டுடா, மருந்தும் ரெண்டு.

கடைக்காரன் சங்கதியை எடுத்துக்குவோம். அவன் இன்னா சொன்னான்? 'எங்க ஃபில்டர் லிங்க்கை உன் ஜனத்துகிட்ட காட்டு, யாராவது வாங்கினா கமிஷன் தர்றோம்.' ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். ஃபில்டர் 12,000 ரூபா, கமிஷன் 4 பர்சென்ட், உன் கைக்கு 480. நீ 'நல்ல வாட்டர் ஃபில்டர்'னு தேடுறவங்களுக்கு விளம்பரம் போட்ட. கிளிக்குக்கு 12 ரூபா. அம்பது பேர் கிளிக் பண்ணினா ஒருத்தன் வாங்குறான். செலவு 600, வரவு 480. கைநஷ்டம் 120. அப்புறம் உன் சேக்காளி ஒரு வித்தை சொல்லிக் குடுத்தான். கடையோட பேரையே கீவேர்டாப் போடு, கூடவே 'கூப்பன்'னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. கிளிக்குக்கு 3 ரூபா, பத்துக்கு ஒருத்தன் வாங்குறான். செலவு 30, வரவு 480. அடேங்கப்பா! நாலே வாரத்துல புது போன் வாங்கிட்ட.

ஆனா அந்தப் பத்துல ஒருத்தன் யாருடா? கடையோட பேரையே டைப் அடிச்சவன். அவன் கடைக்குப் போய்கினே கீறான். வாசப்படியில நீ குறுக்க நின்னு கையைப் புடிச்சு உள்ளே வுட்டுட்டு, 'நான்தான் இட்டுகினு வந்தேன்'னு 480 ரூபா கேட்ட. அதுக்கு மேல, 2005 ஜனவரிலேர்ந்து கூகுள்ல ஒரு பழக்கம் கீது. ஒரே வெப்சைட் விலாசத்துக்கு, தேடல் பக்கத்துல ஒரு எடத்துல ஒரு விளம்பரம்தான் காட்டுவான். நீ கடை விலாசத்தையே போட்டு விளம்பர ஏலத்துல ஜாஸ்தி கேட்டா, கடைக்காரனோட சொந்த விளம்பரம் அந்த எடத்தை வுட்டு வெளியே போயிடும். உன்னைத் தாண்டணும்னா அவன் தன்னோட சொந்தப் பேருக்கே வெலை ஏத்தணும். கோவம் வருமா வராதா?

ஈபேன்னு ஒரு பெரிய கடை. அவங்ககிட்ட வேலை செஞ்ச பொருளாதாரக்காரங்க 2012-ல ஒரு சோதனை பண்ணாங்க. 'ஈபே'ங்கிற பேரைத் தேடுறவங்களுக்குக் காசு குடுத்துப் போட்ட விளம்பரத்தை யாஹூவுலயும் எம்.எஸ்.என்.லயும் நிறுத்திப் பாத்தாங்க. வந்துகினு இருந்த ஜனத்துல 99.5 பர்சென்ட், காசில்லாத சாதா லிங்க் வழியா அப்படியே வந்து சேந்துட்டாங்க. நீ காலரைத் தூக்கிகினு சொன்னியே, 'என் விளம்பரத்தாலதான் விக்குது'ன்னு, அதோட லட்சணம் இதுதான். அமேசான் இன்னும் முன்னாடியே முழிச்சுகினான். வட அமெரிக்காவுல 2009 மே 1-லேர்ந்து, தேடல் விளம்பரம் போட்டு நேரா அமேசானுக்கு ஆள் அனுப்புற உன்னை மாதிரி கமிஷன் ஆளுக்கு, அதான் அஃபிலியேட்டுக்கு, கமிஷன் கிடையாதுன்னு நிறுத்திட்டான். அன்னைக்கு நீ மூக்கொழுகிகினு பால்வாடிக்குப் போய்கினு இருந்த.

உன் சேக்காளி இதுக்கும் ஒரு மருந்து வச்சிருப்பான். கடையோட ஆபீஸ் பெங்களூர்ல. அதனால பெங்களூரை மட்டும் வுட்டுட்டு மீதி ஊருக்கெல்லாம் விளம்பரம் காட்டு. அதுவும் ஆபீஸ் முடிஞ்சு, ராத்திரி பத்து மணிக்கு மேல. அவங்க கண்ணுல படாது. பலே! திருட்டுக்கு டைம் டேபிள் போடுறான். ஆனா பெரிய கடைங்க இதைப் பாக்கறதுக்குன்னே தனியா கம்பெனிகளுக்குக் காசு கொடுத்து வச்சிருக்காங்க. அது பல ஊர்லேர்ந்து, நடுராத்திரியில, தானாத் தேடிப் பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கும். அதுக்குத் தூக்கமும் கிடையாது, ஞாயித்துக்கிழமையும் கிடையாது.

நீ கோர்ட்டுத் தீர்ப்பு காட்டினியே, அதைச் சொல்லாம வுட மாட்டேன். மெட்ராஸ் ஹைகோர்ட்டுல பாரத் மேட்ரிமோனிக்காரங்க போட்ட கேஸு. சென்னைக் கம்பெனி. அப்ப கன்சிம் இன்ஃபோன்னு பேரு. 'எங்க பேரைத் தேடினா போட்டிக்காரன் கல்யாண விளம்பரம் வருது, கூகுள் எங்க பேரையே ஏலம் போடுது'ன்னு கூகுளையும் ஷாதி, ஜீவன்சாத்தி மாதிரி போட்டிக் கம்பெனிகளையும் இழுத்தாங்க. 2010 செப்டம்பர்ல நீதிபதி ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை குடுக்க மறுத்துட்டாரு. தமிழ், மேட்ரிமோனி இந்த மாதிரி பொது வார்த்தைகளை ஒருத்தன் வேலி போட்டு வச்சுக்க முடியாதுங்கிற மாதிரி போச்சு. அப்புறம் 2023 ஆகஸ்டுல டெல்லி ஹைகோர்ட்டு, அகர்வால் பேக்கர்ஸ் கேஸ்ல, அடுத்தவன் பேரைக் கீவேர்டா வைக்கிறது மட்டுமே குத்தமாவாது, ஜனத்தைக் கொழப்பினாத்தான் குத்தம்னு சொல்லுச்சு. 'பாத்தியா தாத்தா, கோர்ட்டே வுட்டுடுச்சு'ன்னு குதிச்ச.

வுட்டது யாரைடா? போட்டிக்காரனை. அவன் கடைக்காரன்கிட்ட எதுக்கும் கையெழுத்துப் போடல. நீ கமிஷனுக்குக் கையை நீட்டி, 'உங்க பேர்ல ஏலம் கேக்க மாட்டேன்'னு ஒப்பந்தத்துல டிக் அடிச்சவன். போட்டிக்காரன் செஞ்சா வியாபாரம். அதையே நீ செஞ்சா வாக்கு மீறல். இதுக்கு ஹைகோர்ட்டு எதுக்கு, டைம் ஆபீஸ் குமாஸ்தாவே தீர்ப்புச் சொல்லிடுவான்.

அந்தக் கல்யாணக் கதைக்கு ஒரு வாலும் கீது. 2024 மார்ச் 1-ம் தேதி, ப்ளே ஸ்டோர் கட்டணத் தகராறுல கூகுள் சில இந்தியக் கம்பெனி ஆப்புகளைத் தூக்கிடுச்சு. யாரு யாரு? பாரத் மேட்ரிமோனி, ஷாதி, ஜீவன்சாத்தியோட தாய்க்கம்பெனி இன்ஃபோ எட்ஜ். கோர்ட்டுல எதிரும் புதிருமா நின்ன சம்பந்திங்க எல்லாம் ஒரே ராத்திரியில ஒரே தெருவுல நின்னாங்க. மத்திய மந்திரி தலையிட்டு, சில நாள்ல திரும்ப உள்ளே வந்தாங்க. உனக்கு எந்த மந்திரிடா வருவாரு? வார்டு கவுன்சிலர் கூட உன் போனை எடுக்க மாட்டாரு.

கடைக்காரன் தடைக்கு வழி சாதாரணம். ஒப்பந்தத்துல தேடல் விளம்பரம்னு வர்ற எடத்தைத் தேடிப் படி. சில கடை அறவே கூடாதுங்கும். சில கடை பேரை மட்டும் தொடாதேங்கும். சிலது எழுதிக் கேட்டா அனுமதி குடுக்கும். பேரைத் தொடக்கூடாதுன்னா, கீவேர்டுல போடாம வுட்டா மட்டும் பத்தாது. 'வாட்டர் ஃபில்டர்'னு நீ போட்டிருந்தாலும், கடைப் பேரையும் சேத்து ஒருத்தன் தேடினா உன் விளம்பரம் போய் நிக்கும். அதனால கடைப் பேரு, அதுல ஜனம் அடிக்கிற எழுத்துப்பிழை எல்லாத்தையும், 'இதைத் தேடினா என் விளம்பரத்தைக் காட்டாதே'ங்கிற நெகட்டிவ் கீவேர்டுல ஏத்து. 'கூகுள் இல்லாட்டி பிங்'னு கெளம்பாதே. கடை போட்ட தடை பிங்குலயும் தடைதான்.

இப்ப கூகுள் தடை. சில சரக்குக்கு அவன் கதவையே சாத்திட்டான். அதுல மோதாதே. 2018 ஆகஸ்டுல, 'உங்க கம்ப்யூட்டர் ரிப்பேர், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு மூணாவது ஆளுங்க போடுற டெக் சப்போர்ட் விளம்பரத்தை நிறுத்தினான். ஏமாத்தறவன் யாரு, நல்லவன் யாருன்னு பிரிக்க முடியலன்னு சொன்னான். நம்ம நாட்டுலேர்ந்து எத்தனை கால் சென்டரு அந்தத் தொழிலைப் பண்ணிச்சுன்னு நான் சொல்ல வேண்டாம். ரம்மி லிங்க் போட்டியே, அது இன்னும் மோசம். 2025 ஆகஸ்டுல வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பணம் கட்டி ஆடுற ஆட்டத்துக்கு விளம்பரம் பண்ணினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். அதைச் சமாளிக்கிற வழி என்கிட்ட கேக்காதே. அழிச்சுட்டு வா.

உன் ஃபில்டர் பக்கத்தை மூடினது வேற காரணம். பக்கத்துல சொந்தமா ஒண்ணுமே இல்ல. கடைக்காரன் போட்டோ, கடைக்காரன் வர்ணனை, நடுவுல மஞ்சக் கலர்ல 'இப்பவே வாங்குங்க' பட்டன். விளம்பரத்தைக் கிளிக் பண்ணினவன் உன் பக்கத்துக்கு வந்து, இன்னொரு கிளிக் பண்ணிக் கடைக்குப் போறான். அவனை எதுக்கு உன் வழியாச் சுத்தி அனுப்பணும்? இதை கூகுள்காரன் 'பிரிட்ஜ் பேஜ்'ங்கிறான். விளம்பரம் போடாம சும்மா தேடல்ல மேல வரப் பாத்தாலும் இதே பேச்சுதான். அங்கயும் மெலிஞ்ச அஃபிலியேட் பக்கத்தை ஸ்பேம் கணக்குல வச்சிருக்கான்.

நம்ம கோலார் தங்கச் சுரங்க ஊரைப் பாரு. 120 வருஷம், 800 டன்னுக்கு மேல தங்கம், சாம்பியன் ரீஃப்ல 3 கிலோமீட்டரையும் தாண்டின ஆழம். 1902-லயே சிவனசமுத்திரத்துலேர்ந்து கரண்டு வந்த ஊரு. வூடு கம்பெனி வூடு, தண்ணி கம்பெனி தண்ணி, ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினப்ப, ஜனத்துக்குத் தன்னோடதுன்னு சொல்லிக்க இருந்தது கையில கத்துகினு இருந்த வேலை மட்டும்தான். வெல்டிங் தெரிஞ்சவன், கரண்டு வேலை தெரிஞ்சவன் விடியறதுக்குள்ள மாரிகுப்பத்துல ரயில் ஏறி பெங்களூருக்குப் போனான். அவன் புள்ளைங்க இன்னைக்கும் அதே ரயில்லதான் போய்கினு கீறாங்க. உன் தொழில்ல விளம்பரம் கூகுளோடது, சரக்கு கடையோடது, போட்டோ கூட கடையோடது. உன்னோடது இன்னா?

யோசிக்காதே, நானே சொல்றேன். தண்ணி. கோலார் ஜில்லா போர் தண்ணி. ஆழம் போகப் போக உப்பு, பல எடத்துல ஃப்ளோரைடு. பல்லுல காவி ஏறிக் கெடக்கிற புள்ளைங்களை நீ பாத்திருக்க. ஃபில்டர் வாங்குறவன் 300 ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பாத்துட்டு, 'நம்பர் கம்மி, தண்ணி நல்ல தண்ணி'ங்கிறான். அந்த மீட்டர் கரைஞ்ச உப்பு மொத்தத்தைத்தான் காட்டும், ஃப்ளோரைடு எவ்வளவுன்னு தனியாச் சொல்லாது. அதுக்கு லேப்புல குடுத்துப் பாக்கணும். இந்தியத் தர அளவுல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, ஃப்ளோரைடு 1 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாட்டி 1.5 வரைக்கும். யூ.வி. லைட்டு மட்டும் வச்ச ஃபில்டர் கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. எடுக்கும், ஆனா தண்ணியில ஒரு பங்கைச் சாக்கடைக்கு வுடும். தண்ணி லாரிக்குக் காத்துகினு நிக்கிற தெருவுல அது சின்ன விஷயமா?

இதைத்தான்டா எழுதணும். ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம்னு மூணு எடத்துத் தண்ணி புடிச்சுகினு போய் லேப்புல குடு. சீட்டைப் போட்டோ எடுத்துப் போடு. நம்ம வூட்டு ஃபில்டர்ல அழுக்கைப் புடிக்கிற வெள்ளைக் குச்சியை மூணு மாசம் கழிச்சுக் கழட்டி, புதுசுக்குப் பக்கத்துல வை. ஒண்ணு பால் மாதிரி, ஒண்ணு சுரங்கத்துலேர்ந்து ஏறி வந்த மாதிரி. நம்ம பாஷையில, உன் குரல்லயே ஒரு யூடியூப் வீடியோ. எது வாங்க வேணாம்னும் சொல்லு. கமிஷன் ஜாஸ்தி தர்ற ஃபில்டர் நம்ம தண்ணிக்கு ஆவாதுன்னா, ஆவாதுன்னே சொல்லணும். வயிறு எரியும், எரியட்டும். பாத்தவங்கள்ல கேட்டவங்க நம்பரை மட்டும் வாங்கி வாட்சாப்புல வச்சுக்கோ. குச்சி மாத்துற மாசம் வந்தா ஞாபகப்படுத்து. குச்சியிலயும் கமிஷன் கீது, அது உனக்குத் தோணவே இல்ல பாரு. இதெல்லாம் சேந்து நிக்க ஒரு வருஷமாவது ஆவும். நாலு வாரத்துல போன் வராது.

லிங்க்கு மேல, கண்ணுல படுற எடத்துல, 'இதுல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்'னு எழுது. 2023 ஜனவரியில நுகர்வோர் துறை சொல்லிடுச்சு, காசு சம்பந்தம் இருந்தா வெளிப்படையா, புரியற பாஷையில சொல்லணும்னு. தப்பா வழிகாட்டற விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரைக்கும் போவும், திரும்பச் செஞ்சா 50 லட்சம். கடைசியில பொடி எழுத்துல போட்டு மறைக்காதே. பொடி எழுத்தைப் படிக்கிற கெழவனுங்க ஊர்ல இன்னும் கீறாங்க.

அப்பீல் எழுதறதுன்னா பக்கத்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் எழுது. நீ எழுதி வச்சிருந்ததை நான் பாத்துட்டேன். 'ஐயா, நான் ஏழை, சுரங்கத் தொழிலாளி குடும்பம், கருணை காட்டுங்கள்.' யாருடா சுரங்கத் தொழிலாளி? நான் குமாஸ்தா, உங்க அப்பன் பெமல் ஃபேக்டரியில ஃபிட்டர். எந்த விதி, எந்தப் பக்கம், எதை எடுத்தே, எதைச் சேத்தே, என்னைக்குச் செஞ்சே. ஆறு வரி போதும். சண்டை போடாதே. ஒரே அப்பீலைப் பத்து தடவை அனுப்பாதே. 'சேக்காளி சொன்னான்'னு எழுதவே எழுதாதே.

அப்புறம், அந்த வெள்ளைக் குச்சியைப் புடிக்கிற போட்டோவுக்கு என் கைதான் தோதா இருக்கும், நரம்பு தெரியற கை, ஜனம் நம்பும். ஒரு ஃபில்டருக்கு 480 வருதுன்னா எனக்கு 80 குடு, வெத்தலை பாக்குக்கு ஆச்சு. பாட்டிக்குச் சொல்லாதே. ஆனா பக்கத்துல மட்டும் எழுதிடு, கை காட்டின கெழவனுக்கும் இதுல காசு கீதுன்னு.